நான் பொட்டு வைத்த பெட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டிடமே கேட்டுவிடுகிறேன். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி சரிந்து இறங்குகிறது. 'ண' எழுத ஆரம்பித்தால் அதன் சுழிகளைப் போட்டு முடிப்பதற்குள் இடம் தீர்ந்துபோகிறது. எழுபத்தொரு வயதில் பேனா பிடித்த கை. அதற்கு முன் நாற்பது வருஷம் கிடங்கில் மூட்டை பிடித்த கை. மெதுவாகத்தான் போகும்.

ஆனாலும் எழுதுகிறேன்! நான் எழுதுகிறேன் என்று நான் எழுதுகிறேன். இதைவிட என்ன வேண்டும்?

மருமகள் ஏழு மாதம் சமையலறை மேசையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நேற்று இந்த நோட்டைக் கொடுத்து, "மாமா, இனிமே நீங்க எனக்கு எழுதிக் காட்ட வேணாம். உங்களுக்கே எழுதிக்கோங்க" என்றாள். மகன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "போச்சு, இனிமே இந்த வீட்டுல ரகசியம்னு ஒண்ணு இருக்காது."

பேத்தி குட்டிக்கு மூன்று வயது. என் நோட்டின் முதல் பக்கத்தில் அவளும் ஒரு கோடு போட்டாள். என்னுடையதைவிட நேராக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

கடையைப் பற்றி எழுத வேண்டும். மகனுடைய கடை. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, சூடாகிறது, நின்று நின்று போகிறது என்று ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் பக்கத் தகட்டைக் கழற்றுவேன், தூசி ஊதுவேன், பிரஷ் போடுவேன். அவன் உள்ளே இருப்பதை மாற்றுவான். ரேம் மாற்றுவான், டிஸ்க் மாற்றுவான், மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை மாற்றுவான். அவன் விரல் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வயர்கூடத் தொங்காது. எல்லாம் பின்னல் போட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மகன் ஒரு சின்னச் சீட்டில் தேதி, போட்ட பொருள், அது புதிதா பழசா என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத் தகட்டின் உள்புறம் ஒட்டிவிடுவான். மூடுவதற்கு முன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுவான். "நாளைக்கு யார் தொறந்தாலும் இது பேசும்" என்பான். ஐந்து வருஷமாக அந்தச் சீட்டுகளுக்கு மேல் பிரஷ் போட்டிருக்கிறேன், அவை என்னிடம் பேசியதில்லை.

இன்று பேசின. ஒரு பழைய பெட்டியைத் திறந்தேன். 'ரேம் இரண்டு. புதியது.' முழுதாகப் படித்துவிட்டேன். சத்தமாகப் படித்தேன் போலிருக்கிறது. வாசலில் நின்ற வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 6, வெள்ளி

கடைத் தெரு முழுவதும் படித்தேன். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்.' 'தையல் உண்டு.' 'வாடகைக்கு.' இத்தனை நாள் இந்தத் தெரு எனக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

இன்று போட்டோ ஸ்டுடியோக்காரர் தன் கம்ப்யூட்டரைக் கையில் அணைத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் வருவதற்கு முன்பே வாடை வந்தது. பிளாஸ்டிக்கும் மீனும் சேர்ந்து கருகின மாதிரி.

"டப்புனு ஒரு சத்தம் தம்பி. பின்னாடி பாத்தா பொகை. நல்லவேளை நான் பக்கத்துலயே இருந்தேன், பிளக்கைப் பிடுங்கிட்டேன். உங்க கையால போட்டு நாலு மாசம்கூட ஆகலையே."

மகன், "வைங்க அண்ணே, நான் பாக்கறேன்" என்றான். அவர் போனதும் பெட்டியை என்னிடம் தராமல் தானே திறந்தான். எனக்கு அது புதுசு. திறக்கிற வேலை எப்போதும் என்னுடையது. எட்டிப் பார்த்தேன். பவர் சப்ளைக்குள் சின்ன உருளைகள் இருக்கும், அவற்றின் தலை வீங்கி வெடித்திருந்தது. கரி.

"ஏன்டா இப்படி ஆச்சு?"

"கரண்ட் ஏறி இறங்கியிருக்கும்ப்பா. அவர் ஏரியால அப்படித்தான்."

சீட்டு தகட்டில் இருந்தது. படித்தேன். 'பவர் சப்ளை. புதியது.' தேதி போன நவம்பர்.

அவன் டீ வாங்கப் போனபோது, அவன் கழற்றி வைத்திருந்த கருகின பவர் சப்ளையைத் திருப்பிப் பார்த்தேன். ஏன் திருப்பினேன்? கை தானாகத் திருப்பியது. அடியில், விசிறிக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றைய பக்கத்தை மறுபடி படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பொட்டை வைத்தது நான்.

போன வருஷக் கடைசியில் மகன் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட பவர் சப்ளைகளைச் சாக்கில் கொண்டுவந்தான். "அப்பா, மேல் மூடியை மட்டும் நல்லா பளபளன்னு ஆக்கிடுங்க. ஓட்டிப் பாத்து வெச்சுக்கலாம்" என்றான். துருவைத் தேய்த்தேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பழைய ஒட்டுத்தாளைச் சுரண்டினேன். எது முடிந்தது எது முடியவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? மருமகள் தூக்கிப்போட்ட நெயில் பாலிஷ் இருந்தது. முடித்த ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். மகனிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அது என் கணக்கு.

பத்தொன்பது. மூட்டை எண்ணியவனுக்கு எண்ணிக்கை தப்பாது.

பத்தொன்பதும் அலமாரியில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அவன் இல்லாதபோது அலமாரியைத் திறந்தேன். ஒன்றுகூட இல்லை.

மார்ச் 12, வியாழன்

எழுத மனம் வரவில்லை. 'மனம்' என்ற சொல் மட்டும் அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

கேட்டுவிட்டேன். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "நான் தேச்சு வெச்ச பெட்டியெல்லாம் எங்கடா?" என்றேன்.

திருகிக்கொண்டிருந்த ஸ்க்ரூவை விட்டு அவன் கண் எடுக்கவில்லை. "எதுக்கு?"

"சீட்டுல புதுசுன்னு எழுதியிருக்கே."

அப்போதுதான் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். என் சட்டைப் பையில் இருக்கிற பேனாவைப் பார்த்தான்.

"அப்பா, அப்ப சரக்கு வரல. கப்பல்ல நிக்குதுன்னு மொத்தக்கடைக்காரன் சொல்லிட்டே இருந்தான். இங்க ஆளுங்க தினமும் வாசல்ல வந்து நிக்கறாங்க. இன்னைக்கு வேணும், இப்பவே வேணும்னு. என்ன பண்ணச் சொல்றீங்க? ஒவ்வொண்ணையும் நான் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன். புதுசு வந்ததும் போய் மாத்திடலாம்னு இருந்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"மாத்தினியா?"

"மாத்தறேன்."

நான்தான் மறுபடி கேட்டேன். "யார் யாருக்குப் போட்டே?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 16, திங்கள்

குட்டியை இன்று நான்தான் பிள்ளைகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் பலகை: 'மெதுவாக வரவும், குழந்தைகள் தூங்குகின்றன.' படித்ததும் சிரிப்பு வந்தது. அப்போது ஒன்றும் தூங்கவில்லை, ஒரே கூச்சல்.

அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். ஒன்று கேமராவுக்கு, நாள் முழுக்க ஓடும். மூன்று பிள்ளைகளுக்குப் படம் காட்ட. சுவரோரம் நீளமாக ஒரு மர மேடை கட்டி, அதன் அடியில் பெட்டிகளை வைத்துக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் கைவைக்காமல் இருக்க. மேடைக்கு மேலே பாயும் தலையணையும் மடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். மதியம் அதே கூடத்தில்தான் இருபத்துமூன்று பிள்ளைகளும் படுப்பார்கள்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்ததும், "உங்க பையன் ஜனவரியில எல்லாத்தையும் புதுசாக்கிக் கொடுத்தாரு தாத்தா. இப்ப நல்லா ஓடுது" என்றார். நல்ல பெண்மணி. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

ஜனவரி.

குனிந்து மரக்கதவில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. கதவின் இடுக்கில் மூக்கை வைத்தேன். பழைய பாயின் வாடை வந்தது. வேறு ஏதும் வந்ததா? வந்தது என்று நினைக்கிறேன். நினைப்புத்தானோ?

மார்ச் 17, செவ்வாய்

"காப்பகத்துக்கும் அதுதானா?" என்று கேட்டேன்.

"அப்பா, என் பொண்ணு அங்கதான் தூங்குது. ஆபத்துன்னா அங்க போய் வெப்பேனா? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

யோசித்தேன். அவன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. தன் பிள்ளை தலைமாட்டில் எவனாவது நெருப்பு வைப்பானா? சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும் அவனுக்கு. இன்று சிவக்கவில்லை. நிம்மதியாக இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

"எப்ப மாத்தப்போறே?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்த வாரம்."

மார்ச் 19, வியாழன்

என்னைத் தகடு கழற்றும் வேலையிலிருந்து எடுத்துவிட்டான். முன்னால் உட்கார்ந்து ஆட்கள் வந்தால் பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னான். "நீங்கதான் இப்ப எழுதறீங்களே, வயசான காலத்துல தூசியில எதுக்குக் கஷ்டம்" என்றான். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

இன்று ஏழு பேர் பெயர் எழுதினேன். ஒருவர் தன் பெயரை நானே எழுதட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். பெருமையாக இருந்தது. எனக்குத் தெரியும், இது பின்பக்க வேலையிலிருந்து என்னைத் தள்ளி உட்கார வைத்தது என்று. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

மார்ச் 20, வெள்ளி

"மாத்தினியா?"

"திங்கட்கிழமை."

மார்ச் 23, திங்கள்

"மாத்தினியா?"

"அப்பா, என்னை வேலை செய்ய விடுங்க."

கடைக்குள் மறுபடியும் அந்த வாடை. தேடினேன். ஒன்றும் இல்லை. ஸ்டுடியோக்காரரின் கருகின பெட்டியை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தான். அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் வந்தது. மருமகளிடம், "உனக்கு ஏதாவது கருகுற வாடை வருதாம்மா?" என்றேன். அடுப்பைப் பார்த்துவிட்டு, "இல்லையே மாமா" என்றாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. புருஷனைப் பற்றி மாமனார் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். விழுங்கிவிட்டேன்.

மார்ச் 25, புதன்

காலையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மருமகள் குட்டிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மகன் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து, "இன்னைக்கு அவ போக வேணாம். சளி பிடிச்சிருக்கு" என்றான்.

"சளியா? எங்க?" என்று மருமகள் குட்டியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கா."

"ராத்திரி இருமினா. நீ தூங்கிட்டே. ரெண்டு நாள் வீட்டுல இருக்கட்டும். அப்பா பாத்துப்பாரு."

குட்டி ஒற்றைச் செருப்போடு வீடு முழுக்கக் குதித்தாள். எனக்குச் சளி என்றால் என்ன என்று தெரியும். மூன்று பிள்ளை வளர்த்தவன். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. என் பக்கத்தில் படுக்கிறவள் அவள். ராத்திரி அவள் இருமவில்லை.

மகனைப் பார்த்தேன். அவன் துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே இருந்தான். காது இரண்டும் சிவந்து கிடந்தன.

அப்ப உனக்கும் பயமாடா? உனக்கும் பயமா இருக்குன்னா, மீதி இருபத்திரண்டு புள்ளைங்க? அதுங்களுக்கு யாருடா சளின்னு சொல்லுவா?

மார்ச் 26, வியாழன்

இன்றைக்கு எழுத்து மோசமாக வந்தால் அதற்குக் காரணம் வேறு.

குட்டியை மருமகளிடம் விட்டுவிட்டு, பெரிய துணிப்பையை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். பத்து மணி. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அது என் மகன். சொல்லாவிட்டால் மதியம் ஆகிவிடும், பாய் விரித்துவிடுவார்கள்.

பெரிய டீச்சர் முன்னால் நின்றதும் வாயில் வந்தது இதுதான்: "வயர் பாக்கணும்மா. பையன் அனுப்பினான்."

சாவி கொடுத்தார். மரக்கதவைத் திறந்தேன். வெப்பம் முகத்தில் அடித்தது. நான்கையும் அணைத்தேன். நான்கு பெட்டியின் பவர் வயரையும் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். மேலே அடுக்கியிருந்த பாய்களையும் தலையணைகளையும் எதிர்ச் சுவருக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். மூட்டை தூக்கியவனுக்கு அது ஒரு சுமையா? ஆனால் மூச்சு வாங்கியது.

"எப்ப தாத்தா வயர் வரும்? கேமரா இல்லன்னா பெத்தவங்க கேப்பாங்களே."

"பையன் வருவான்மா. அவன் வர்ற வரைக்கும் வேற வயர் எதையும் மாட்டிடாதீங்க. மாட்டவே மாட்டாதீங்க."

என் முகத்தை அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார். அதற்குமேல் நான் நிற்கவில்லை.

கடைக்கு வந்து பையை மகனின் மேசைமேல் கவிழ்த்தேன். நான்கு கறுப்பு வயர். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டிருந்தது.

"என்னப்பா இது? திருட்டு வேலையா? என் மானத்தை வாங்கறீங்களே! எத்தனை வருஷமா கட்டின பேரு! உங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே தப்பு!"

"குட்டிக்குச் சளி எப்படிடா இருக்கு?" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். ஒரு ஆள் வந்து ரேம் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வராமல் திரும்பிப் போனார்.

பிறகு எழுந்து அலமாரியிலிருந்து நான்கு புது பவர் சப்ளைகளை எடுத்தான். அட்டை பிரிக்காதவை. என்னிடம் டார்ச்சைக் கொடுத்தான்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மகன் மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். நான் டார்ச் பிடித்தேன். முதலாவதின் பவர் சப்ளையில் பொட்டு. இரண்டாவதில் பொட்டு. மூன்றாவது, கேமராவினுடையது. அதை இழுத்ததும் வெளிச்சத்தைத் தற்செயலாக மேலே காட்டிவிட்டேன்.

மேடைப் பலகையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மரம் பழுப்பாக மாறியிருந்தது. நடுவில் கறுப்பு. மகன் விரலால் தொட்டான். மரம் மாவாக உதிர்ந்தது. பாயும் தலையணையும் இருந்த இடத்துக்கு நேர் கீழே.

அவன் படுத்த வாக்கிலேயே கிடந்தான். சட்டை ஏறி இறங்கியது.

நான்கையும் மாற்றினான். வயர்களைப் பின்னவில்லை, அப்படியே விட்டான். எழுந்து பெரிய டீச்சரிடம் போய், நான் எதிர்பார்க்காத காரியம் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். போட்டது பழசு என்று, சீட்டில் புதுசு என்று எழுதினது பொய் என்று, மூன்று மாதமாகத் தெரியும் என்று. கூப்பிட்டுக்கொண்டுபோய் அந்தப் பலகையையும் காட்டினான்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு ரெண்டு நாளா வரலையே" என்றார்.

மகன் தலை குனிந்துகொண்டான்.

"இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க. பெத்தவங்க எல்லாருக்கும் நான் இன்னைக்கே சொல்லப் போறேன்."

கழற்றின பழைய நான்கையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.

மார்ச் 28, சனி

மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. காப்பகத்திலிருந்து அவளுக்கும் போன். அவள் என்னிடம் பேசுகிறாள், குட்டியிடம் பேசுகிறாள். மகனுக்குத் தட்டு மட்டும் வைக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், கொடுத்த கம்ப்யூட்டரை வேலை முடியாமலே திரும்ப எடுத்துக்கொண்டு போக. நான் பெயரை எழுதிக் கோடு போட்டு அடிக்கிறேன். ஒருவர், "பெரியவரே, நீங்களுமா?" என்றார். ஆமாம், நானும்தான். பளபளவென்று தேய்த்தது யார்?

மகன் பில் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களைச் சொன்னான், நான் எழுதினேன். ஸ்டுடியோ ஒன்று, காப்பகம் நான்கு போக, மீதி பதினான்கு. ஒவ்வொரு வீடாகப் போகிறோம். சிலர் திட்டுகிறார்கள். ஒருவர் மகனின் சட்டையைப் பிடித்தார். ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தார். அவன் எல்லோரிடமும் ஒரே மாதிரி, "பழசைப் போட்டுட்டேன், மாத்த வந்திருக்கேன்" என்கிறான். நான் கழற்றின பெட்டியைத் திருப்பிப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் கோடு போடுகிறேன்.

ஒன்பது முடிந்தது. அதில் இரண்டு பெட்டிகளுக்கு உள்ளே உருளைகளின் தலை வீங்கியிருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதின்மூன்று முடிந்தது.

பதினான்காவது, வீட்டிலிருந்தே பத்திரம் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. மகனுக்கு நினைவிருக்கிறது. கடைக்கு வந்தபோது குழந்தையை என் மடியில்தான் உட்கார வைத்துவிட்டு மேசைக்குப் போனாளாம். எனக்கு நினைவில்லை. எத்தனையோ குழந்தைகள்.

இன்று அந்த வீட்டுக்குப் போனோம். பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர், "காலி பண்ணிட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சே. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னாங்க" என்றார். போன் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. ஒற்றை அறை, ஒரே ஜன்னல். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கம்ப்யூட்டர் மேசை இருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுரம் வெளுத்திருந்தது. அதை ஒட்டித் தரையில் தொட்டிலின் நான்கு கால் தடம்.

மகன் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்கப்பா போய்த் தேடுவேன்?" என்றான். அவன் இப்படிக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். "ஒவ்வொரு தெருவா" என்றேன்.

ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் பதினோரு தெரு. இன்று மூன்று பார்த்தோம். 'இங்கே தட்டச்சு செய்து தரப்படும்' என்று ஏதாவது வாசலில் எழுதியிருக்கிறதா என்று படித்துக்கொண்டே நடந்தேன். கண் எரிகிறது. மீதி எட்டுத் தெரு. நாளையிலிருந்து கடையை மூடிவிட்டே போகிறோம்.

அடுத்த ஞாயிறு இந்த நோட்டை எடுப்பேன். என்ன எழுதுவேன் என்று இப்போது தெரியவில்லை.